கேன் கைப்பிடியில் ஒரு நீல முடிச்சு

என் மேசை இழுப்பறையில் ஒன்பது வருடம் ஒரு துணித்துண்டு கிடந்தது. பழைய புடவையிலிருந்து கிழித்த நீலத் துண்டு. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். முடிச்சு இருந்த இடம் மட்டும் கசங்கி இறுகிப்போய், எவ்வளவு நீவினாலும் நிமிராது. இந்த ஒன்பது வருடத்தில் இரண்டு வேலை மாறினேன், அம்பத்தூரிலிருந்து கோவில்பதாகைக்கு வீடு மாறினேன், மேசையையே மாற்றினேன். துணி மட்டும் கூடவே வந்தது. தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று குப்பைக்கூடை வரை கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்த நாட்கள் உண்டு. ஒருமுறை என் கணவர் பேனா தேடும்போது அதை எடுத்து, இது எதற்கு என்று கேட்டார். கண்ணாடி துடைக்க என்றேன். நான் கண்ணாடி போடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஏனோ மேலே கேட்கவில்லை.

அந்தத் துணியைக் கிழித்துக் கட்டியவரை நாங்கள் கேன் அக்கா என்போம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரத்தப் பரிசோதனைக் கிட் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் கெமிஸ்ட், அவர் கழுவுமிடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கிட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அட்டைப் பெட்டி, உள்ளே நாலைந்து பாட்டில், மடித்து வைத்த ஒரு காகிதம். ஆஸ்பத்திரி லேபில் பெட்டியைப் பிரித்து, பாட்டிலில் இருப்பதை வரிசையாக ஊற்றிப் பரிசோதனை செய்வார்கள். அந்தப் பாட்டில்களில் ஊற்ற வேண்டிய திரவங்களை நாங்கள் இருபது லிட்டர் வெள்ளைக் கேன்களில் தயாரிப்போம். கேன்களைக் கழுவிக் காயவைத்து அடுக்குவது அக்காவின் ராஜ்ஜியம்.

என் வேலையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ரத்தத்தில் ஒரு ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்று உண்டு. அதோடு ஓர் என்சைமைச் சேர்த்துக் கட்டிவிடுவோம். ஒட்டாததையெல்லாம் கழுவித் தள்ளிவிட்டு, கடைசியில் ஒளிநீர் என்று நாங்கள் சொல்லும் ஒரு திரவத்தை ஊற்றினால், மிச்சமிருக்கும் என்சைம் அதில் வேலை செய்து வெளிச்சம் தரும். இருட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கருவி அந்த வெளிச்சத்தை அளந்து எண்ணாகச் சொல்லும். வெளிச்சம் கூடினால் ஹார்மோன் கூடுதல், குறைந்தால் குறைவு. எந்த என்சைமைக் கட்டுவது என்று முடிவு செய்வதுதான் என் வேலை. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கம்பெனியின் பழைய கிட்களிலெல்லாம் கன்றுக்குட்டியின் குடலிலிருந்து எடுக்கும் பாஸ்படேஸ்தான். நிதானமான பேர்வழி. வெளிச்சம் ஏற நேரமாகும், ஏறிவிட்டால் சட்டென்று இறங்காது. ஆனால் உருவம் பெரிது. போதாததற்கு மனித ரத்தத்திலேயே அதன் பங்காளி ஒருவன் இருக்கிறான். கழுவுவதில் அசந்தால் அவனும் சேர்ந்து ஒளிர்ந்து கணக்கைக் கெடுப்பான். இன்னொன்று குதிரைமுள்ளங்கி என்ற சீமைக் கிழங்கிலிருந்து எடுக்கும் பெராக்ஸிடேஸ். சின்ன உருவம், ஆன்டிபாடிக்கு இடைஞ்சல் இல்லை, ஒளிநீரை ஊற்றியதுமே பளிச்சென்று வேலையைக் காட்டும். ஆனால் சரியான தொட்டாற்சிணுங்கி. திரவங்கள் கெட்டுப்போகாமல் இருக்க லேப்களில் சோடியம் அசைடு என்று ஒரு மருந்து கலப்பார்கள். பாஸ்படேஸ் அதைச் சட்டையே செய்யாது. பெராக்ஸிடேஸுக்கோ அது எமன். நான் பெராக்ஸிடேஸைத்தான் தேர்ந்தெடுத்தேன். காரணங்களை நான்கு பக்கம் எழுதினேன். நான்காம் பக்கத்தின் அடியில், அசைடு எங்கும் படக்கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதி அடிக்கோடிட்டேன். கேன் கழுவுகிறவர்கள் அந்தக் கோப்பைப் படிக்கப்போவதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மேனேஜருக்கு அரைமனசு. பழசே நன்றாகத்தானே போகிறது, ஏதாவது ஆனால் உங்கள் தலைதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ரகம். அந்தச் சிரிப்பு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கிட் பிறந்த குழந்தைகளுக்கானது. தைராய்டு வேலை செய்யாத குழந்தை எப்போதாவது ஒன்று பிறக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேலை செய், வேலை செய் என்று சுரப்பிக்கு ஆணையிடும் ஹார்மோன் மட்டும் ரத்தத்தில் ஏறிக் கிடக்கும். மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி, தடித்த காகிதத்தில் ரத்தப்பொட்டு வைத்து எடுப்பார்கள். எங்கள் கிட் அதைப் பார்த்துச் சொல்லும். இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் மற்றப் பிள்ளைகளைப் போல வளரும். விட்டுவிட்டால் மூளை வளராது. பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் போனது போனதுதான். ஆக, எங்கள் பெட்டியில் வெளிச்சம் அதிகம் என்றால் ஆபத்து, குறைவு என்றால் நல்ல செய்தி. ஏதோ ஒன்று கெட்டு வெளிச்சம் குறைந்துபோனால் அதுவும் பார்க்க நல்ல செய்தி மாதிரியே இருக்கும்.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கைக்கு இரண்டு கேனாகத் தூக்கி நடப்பார். எங்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்புதான். ஒரு சொட்டு சிந்தினால் ஆறு கையெழுத்துப் போடுகிற கூட்டம் என்பார். அவர் அடுக்கி வைத்த கேன்களில் சிலவற்றின் கைப்பிடியில் நீலத்துணி முடிச்சு இருக்கும், சிலவற்றில் இருக்காது. தினமும் அந்த வழியாகத்தான் நான் போய் வருவேன். கைப்பிடி விரலை அறுக்காமல் இருக்கக் கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் கண்ணேறு கழிக்கவா அக்கா என்று கிண்டலாகக் கேட்டதும் நினைவிருக்கிறது. ஆமாம், உன் கண்ணுதான் பெரிசு என்றார். இருவரும் சிரித்தோம். நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் அவர் ஒழுங்காகச் சொல்லியிருப்பார்.

முதல் முறை விற்பனைக்கு ஒளிநீர் தயாரித்த அன்று இரண்டு புதுக் கேன்கள் வாங்கி வைத்திருந்தோம். முதல் கேன் நிறைந்தது. இரண்டாவதில் குழாய் விரிசல் விட்டு ஒழுகியது. பாதி கலந்த திரவத்தோடு நின்றுகொண்டிருந்த நான் கழுவுமிடத்துக்கு ஓடினேன். அக்கா சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். நல்ல கேன் ஒன்று வேண்டும் என்றேன். சோற்றில் கையை வைத்தபடியே மூலையைக் காட்டி, எடுத்துக்கோ என்றார். ஒரு கேனை எடுத்துக்கொண்டு வந்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, கொட்டினேன். காய்ச்சி வடித்த நீர் விட்டு ஒருமுறை அலசினேன். கைப்பிடியில் இருந்த துணியின் ஈர வால் வாய்ப்பக்கம் தொங்கி உரசிக்கொண்டிருந்தது. அசுத்தம் என்று நினைத்து அதை அவிழ்த்தேன். இறுகிய முடிச்சு, நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, கேனை நிரப்பினேன்.

தரம் பார்க்கிறவர்கள் முதல் கேனிலிருந்து மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் அருமையாக வந்தது. எவ்வளவு வெளிச்சத்துக்கு எவ்வளவு ஹார்மோன் என்ற அட்டையையும் அந்தக் கேனை வைத்தே தயாரித்து எல்லாப் பெட்டிகளிலும் வைத்தோம். கழுவுமிடத்திலிருந்து நான் எடுத்துவந்த இரண்டாம் கேனின் பாட்டில்கள் பூந்தமல்லிப் பக்கம் இருந்த ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போயின.

சில வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலையில் அந்த ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியனிடமிருந்து போன் வந்தது. தென்காசிப் பக்கத்துப் பெண், படபடவென்று பேசுவாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் எண் அடிமட்டத்திலேயே வருகிறது, ஒரு பிள்ளைகூடக் கொஞ்சம் ஏறி வரவில்லை, இப்படி இருக்குமா மேடம் என்று கேட்டாள். எல்லாருக்கும் நார்மல் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாளாம். ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு பாட்டிலை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்திருப்போம். அதை எடுத்துக் கருவியில் வைத்தால் அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் எடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதினால் மேனேஜர் பார்ப்பார், பார்த்தால் அந்தச் சிரிப்பு. திங்கட்கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

வெள்ளி போயிற்று. சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து பெராக்ஸிடேஸைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குழந்தைகளைப் பற்றி நான் அந்த நான்கு நாளும் நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். நினைத்து, அத்தனை குழந்தைகளும் நார்மலாகவே இருக்கலாமே, பெரும்பாலும் அப்படித்தானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்துக்கு இருக்கிற கெட்ட புத்தி இது. நமக்கு எது வசதியோ அதை நியாயம் மாதிரி பேசிக் காட்டும்.

திங்கட்கிழமை காலை அந்தப் பாட்டிலைக் கருவியில் வைத்தேன். வர வேண்டிய வெளிச்சத்தில் பாதிகூட இல்லை. முதல் கேன் பாட்டில் முழுசாக ஒளிர்ந்தது. அதற்குமேல் மறைக்க வழியில்லை. மேனேஜரிடம் போனேன். அவர் உடனே நல்ல பாட்டில்களை ஆள் மூலம் பூந்தமல்லிக்கு அனுப்பி, பத்திரப்படுத்திய ரத்தக் காகிதங்கள் எல்லாவற்றையும் மறுபடி பார்க்கச் சொன்னார். அதைச் செய்ய மத்தியானம் ஆகிவிடும். அதற்குள் காரணத்தைக் கண்டுபிடி என்று சூப்பர்வைசரோடு என்னையும் கழுவுமிடத்துக்கு அனுப்பினார்.

அந்தக் கேன் என் கைக்கு எப்படி வந்தது என்று சூப்பர்வைசர் கேட்டார். நான் எடுத்த மூலையைக் காட்டினேன். அக்கா அந்த மூலையைப் பார்த்துவிட்டு, “அது மருந்துத்தண்ணி ஊத்தி வெச்ச கேனாச்சே. முடிச்சு போட்டிருந்தேனே” என்றார்.

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. வெயில் காலத்தில் ஈரக் கேனை மூடி வைத்தால் உள்ளே வழவழப்புப் பிடிக்கும், நாற்றம் வரும். பழைய கிட்களில் மிச்சமாகும் அசைடுத் தண்ணீரில் ஒரு மக் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மாதக்கணக்கில் கேன் பளிங்கு மாதிரி இருக்கும் என்று அக்கா எப்போதோ கண்டுபிடித்திருந்தார். பாஸ்படேஸ் காலத்தில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தெரியாமல் யாரும் எடுத்துவிடக் கூடாது, எடுத்தால் ஐந்தாறு முறை அலச வேண்டும் என்பதற்காகத்தான் நீல முடிச்சு. கழுவுமிடத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும். எந்தச் செய்முறைத் தாளிலும் எழுதவில்லை. புது என்சைமுக்கு என்னென்ன ஆகாது என்று நான் வகுப்பு எடுத்தபோது ஒப்பந்தத் தொழிலாளிகளை யாரும் கூப்பிடவில்லை. நானும்தான்.

நான் என் மேசைக்குப் போனேன். இழுப்பறையைத் திறந்தேன். துணி அங்கேயே கிடந்தது. அதை எடுத்து லேப் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டேன். காட்டுவதற்கா மறைப்பதற்கா என்று அந்த நிமிடத்தில் எனக்கே தெரியாது. மத்தியானம் மேனேஜர் அறையில் நின்றபோது தெரிந்துவிட்டது.

அக்கா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். புடவையை இறக்கிவிட்டிருந்தார், அதில் ஆள் குட்டையாகத் தெரிந்தார். மேடம் கேட்டாங்க, எடுத்துக்கச் சொன்னேன், துணி கட்டியிருந்தேன் என்று சொன்னதையே திரும்பச் சொன்னார். அப்படியென்றால் அந்தத் துணி எங்கே என்று மேனேஜர் கேட்டார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, கேனை எடுக்கும்போது துணி இருந்ததா என்றார். என் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. துணி என் விரலில் சுற்றியிருந்தது.

“நான் கவனிக்கல சார்” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். முகவரி தெரியாதவர் வீட்டு எண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். அப்போது மேசைமேல் போன் அடித்தது. டெக்னீஷியன்தான். மேனேஜர் ஒலிபெருக்கியில் போட்டார். அவள் வழக்கம்போலப் படபடவென்று பேசவில்லை. எல்லாக் காகிதமும் சரியாக இருக்கிறது சார், ஒன்றே ஒன்று ஏறிக் கிடக்கிறது, இரண்டு முறை போட்டுவிட்டேன், பெண் குழந்தை, இன்றைக்குப் பதினான்கு நாள் என்றாள். பதிவேட்டில் இருக்கும் போன் நம்பர் உபயோகத்தில் இல்லையாம். விலாசம் பூந்தமல்லியில் மெத்தை தைக்கிற ஒரு கடை.

நானே போகிறேன் என்றேன். அறையில் இருக்கப் பயமாக இருந்தது என்பதும் ஒரு காரணம். சாலைக்கு வந்து ஆட்டோவை நிறுத்தினால், பின்னாலேயே அக்கா வந்துகொண்டிருந்தார், கையில் சாப்பாட்டுத் தூக்கு. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். என்னை நகரச் சொல்லி ஏறி உட்கார்ந்தார்.

“பூந்தமல்லில எனக்கு அல்லா சந்தும் தெரியும். நீ தேடிகினே இருப்ப” என்றார்.

வானகரம் வழியாகப் போனோம். நெடுஞ்சாலையில் லாரிகள் அசையாமல் நின்றன. பதினான்கு நாள், பதினான்கு நாள் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை அந்தப் பாட்டிலைத் தொட்டிருந்தால் பத்தாம் நாள். ஆட்டோவின் ஆட்டத்தில் கோட்டுப் பைக்குள் இருந்த துணி தொடையில் கல் மாதிரி உறுத்தியது. அக்காவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஓரடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். வேலப்பன்சாவடி தாண்டினோம். அவர் தனக்கு மேனாம்பேட்டில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் வீடு என்றும், பையன் எட்டாவது படிக்கிறான் என்றும் சம்பந்தமில்லாமல் சொன்னார்.

மெத்தைக் கடை பூட்டியிருந்தது. ஆள் பஞ்சு எடுக்க வெளியூர் போயிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். பெண்டாட்டி? பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் தாய்வீட்டில்தானே இருப்பாள் என்றார். தாய்வீடு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா என்னை விட்டுவிட்டுப் பின்சந்துக்குள் புகுந்து, வீடு வீடாகப் பெண்களிடம் விசாரித்து, இருபது நிமிடத்தில் காட்டுப்பாக்கத்தில் ஒரு தெருவின் பெயரோடும் பள்ளிவாசல் அடையாளத்தோடும் வந்தார்.

அந்த வீட்டில் கதவைத் திறந்தது குழந்தையின் தாய். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறோம் என்றதும் உட்காரச் சொல்லி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குழந்தை கூடத்தில் ஒரு புது மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா தைத்ததாக இருக்கும், பூப்போட்ட உறை. முகம் கொஞ்சம் ஊதியிருந்ததா, இல்லை என் பயத்தில் அப்படித் தெரிந்ததா, தெரியவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“மாஷா அல்லாஹ், ரொம்ப சமத்துக்கா. அழவே அழாது. பால் குடுக்கக்கூட நாங்கதான் எழுப்பணும். இப்படி ஒரு பிள்ளையப் பார்த்ததே இல்லன்னு தெருவுல எல்லாரும் சொல்றாங்க” என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகப் பயங்கரமான பேச்சு அதுதான். அழாத குழந்தை, பாலுக்கு எழாத குழந்தை என்று புத்தகத்தில் படித்தது அப்படியே வரிவரியாக அவள் வாயிலிருந்து வந்தது, பாராட்டாக. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காதான் மெத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். அது முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கிற்று. இன்னொரு தரம் சுண்டினார்.

“ரத்தம் இன்னொரு வாட்டி எடுக்கணுமாம் கண்ணு. பயப்புடாத, மாத்திரைல போயிடும். ஆனா இப்பவே கெளம்பணும், தலகூட வாரிக்காத” என்றார்.

அந்தி சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டர் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து முதல் வேளையைக் கொடுக்க வைத்தார். எல்லையில் வந்திருக்கிறீர்கள், இன்னும் தள்ளிப்போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். இப்போதும் முழுதாகச் சொல்ல முடியாது, வளரும்போதுதான் தெரியும் என்றார். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, தேடிக்கொண்டு வந்தீர்களே, அல்லாஹ் உங்களை நல்லா வைக்கணும் என்று அழுதாள். நான் கையை விடுவித்துக்கொள்ளாமல் நின்றேன். விடுவித்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

கம்பெனி அந்தப் பாட்டில்களைத் திரும்ப எடுத்தது. வேறு குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. கேனில் அடையாளம் கட்டத் தவறிய ஒப்பந்தத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று அறிக்கை தயாரானது. அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. என்சைம்மீது தவறில்லை என்றும் எழுதியிருந்தார்கள். பெராக்ஸிடேஸ் கிட் நன்றாகவே போயிற்று. நல்ல தேர்வு என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். நான் ஒரு வருடம் தாக்குப்பிடித்துவிட்டு வேலையை விட்டேன்.

அதற்குப் பிறகு என் பயம் இடம் மாறிவிட்டது. பஸ்ஸில் யார் மடியிலாவது அழாமல் தூங்கும் கைக்குழந்தையைப் பார்த்தால் அது கண் திறக்கும்வரை என்னால் வேறு பக்கம் பார்க்க முடியாது. மேனாம்பேடு வழியாகப் போகும் வண்டியில் ஏறமாட்டேன். சுற்றிக்கொண்டு போவேன். போன மாதம் இப்போதைய அலுவலகத்தில் ஒரு புதிய பரிசோதனைக்கு எந்த என்சைம் என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள். திரையில் ஒரு பக்கம் பாஸ்படேஸ், ஒரு பக்கம் பெராக்ஸிடேஸ், கீழே நன்மை தீமைகள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். இங்கே கேன் கழுவுகிறவர்கள் யார், அவர்களைக் கூப்பிடுங்கள் என்றேன். கொஞ்சம் சிரித்தார்கள், ஆனால் கூப்பிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, துணியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மேனாம்பேட்டுக்குப் போனேன்.

தண்ணீர் டேங்குக்குப் பின்னால் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அக்கா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. முடி பாதி நரைத்திருந்தது, உயரம் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. “வாம்மா. இன்னா இவ்ளோ நாளு கழிச்சு” என்றார். அடுப்பில் டீக்குப் பால் ஏறிக்கொண்டிருந்தது. நான் உட்காராமல், துணியை எடுத்து நீட்டினேன். கேனிலிருந்து அவிழ்த்தது நான்தான், அன்றைக்கு மேனேஜர் அறையில் அது என் பையில்தான் இருந்தது என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஒன்பது வருடம் ஒத்திகை பார்த்தது, சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“தெரியும். பாக்கெட்டுக்கு வெளிய வாலு நீட்டிகினு இருந்துச்சு” என்றார்.

சுவரோரமாக உட்கார்ந்தேன். தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லத்தான் வாயத் தொறந்தேன். போன் வந்திடுச்சு. அப்புறம் புள்ளயத் தேடுற அவசரத்துல யாரு அவுத்தா இன்னான்னு உட்டுட்டேன். ஆனா நீயா சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன். ஆட்டோல பாத்தேன். ஆஸ்பத்திரில பாத்தேன். ஒரு வருசம் வாசல்ல வண்டி நின்னா நீதான்னு பாத்தேன்மா.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்பதற்கா, கேட்டது காதில் விழுந்தது என்பதற்கா, தெரியவில்லை. குழந்தையைப் பற்றி அவராகவே சொன்னார். ஒவ்வொரு பெருநாளுக்கும் காட்டுப்பாக்கத்துக்குக் கூப்பிட்டு அனுப்புவார்களாம், போய்ச் சாப்பிட்டு வருவாராம். அவள் நாலாவது படிக்கிறாள். பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது, தெருவையே கூட்டிவிடுவாள், மாத்திரை போடச் சொன்னால் மட்டும் ஓடி ஒளிவாள். கணக்குதான் சுத்தமாக வரவில்லை என்று டீச்சர் சொல்கிறாளாம்.

எவ்வளவு வரவில்லை என்று கேட்டேன். கணக்கு வராத பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நான்கு நாளைத் திருடியதால் வராமல் போன பிள்ளையும் அவர்களில் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கும். எந்தக் கருவியில் வைத்தாலும் அதைப் பிரித்துச் சொல்லாது.

“எம் பையனுக்குந்தான் வர்ல. யாரு கண்டா” என்றார் அக்கா.

அதற்குள் பால் பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. அவர் சட்டென்று திரும்பி, என் கையிலிருந்த நீலத் துணியைப் பிடுங்கி, இரண்டாக மடித்து, பாத்திரத்தின் சூடான காதைப் பிடித்து இறக்கி வைத்தார். பிறகு அதே துணியால் அடுப்பு மேடையில் சிந்தியதைத் துடைத்து, அலசிப் பிழிந்து, ஜன்னல் கம்பியில் காயப் போட்டார். டீ குடிக்கும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது திருப்பிக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. வீட்டில் என் இழுப்பறை இப்போது காலியாக இருக்கிறது. இன்னும் தினமும் ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.